சக்கர நாற்காலியில் ஒரு துண்டு

கப்பலின் மேல்தளத்தில் இப்போதுதான் வெயில் விழுகிறது. இரு பக்கமும் நார்வேயின் மலைகள் நனைந்து நிற்கின்றன. அருவியைப் பார்க்க ஊன்றுகோல்களோடு கம்பியோரம் வரை போன கெசீனா, மாவுக்கட்டுப் போட்ட கால் கனக்கத் திரும்புகிறாள். அவளுடைய சக்கர நாற்காலியில் நீலக் கோடு போட்ட துண்டு ஒன்று சுருக்கமில்லாமல் விரிந்து கிடக்கிறது. அதன்மேல் ஒரு கறுப்புக் கண்ணாடி. விடிவதற்குள் துண்டு போட்டுச் சாய்வு நாற்காலிகளைப் பிடித்து வைக்கும் தன் நாட்டு ஜெர்மன்காரர்களை அவளுக்குத் தெரியாதா? அவளே பிடித்திருக்கிறாள். அதற்காகச் சக்கரம் வைத்த நாற்காலியைக்கூடவா! பக்கத்துச் சாய்வு நாற்காலியில் எண்ணெய் மினுங்கப் படுத்திருப்பவர் கண்ணைத் திறக்காமலே சொல்கிறார்: "அது என் சம்சாரத்துக்குங்க. சாப்பிடப் போயிருக்கா."

"இது என் வண்டி."

"அப்படியா? நீங்கதான் நல்லா நடந்து போனீங்களே, பாத்தேனே."

கெசீனாவுக்குக் காது மடல்வரை சுடுகிறது. ஊன்றி ஊன்றிக் கன்றிப்போன உள்ளங்கைகள் எரிகின்றன. நாலடி நடந்ததற்கு இந்த ஆளிடம் கணக்குச் சொல்ல வேண்டுமா? கண்ணாடியை எடுத்து அவர் தொப்பைமேல் வைக்கிறாள். துண்டை உருவி, நாலாக மடித்து, அவருடைய சாய்வு நாற்காலியின் கால்மாட்டில் போடுகிறாள். தன் நாற்காலியில் உட்கார்ந்து, மாவுக்கட்டுக் காலை இரு கைகளாலும் தூக்கித் துண்டின்மேல் தொப்பென்று வைக்கிறாள். அவர் விருட்டென்று கால்களை மடக்கிக்கொள்கிறார்.

"என்னங்க இது? இது என் இடம்!"

"துண்டு போட்டிருக்கேனே, கண்ணு தெரியலையா?"