கெட்டி மரத்தில் ஒரு வாள்

"இருக்கிறதுலயே கெட்டியான மரமா வேணுமாம் அண்ணே. அடிச்சா எலும்பு உடையணும், வாள் உடையக் கூடாதாம்."

இதைச் சொல்லிவிட்டுச் சதாசிவம் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். ஜப்பான்காரன் வந்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனதும், நாற்பது ஜப்பானிய வார்த்தைகளைக் கற்றுக்கொண்டு கேப்டனுக்கு மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டார். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அந்த மொழி அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் ஜப்பானியர்கள் மட்டும்தான்.

தச்சர் சன்னாசி உளியைக் கீழே வைத்தார். "யாரோட எலும்பு கிராணியாரே?"

"அதைக் கேக்க முடியுமா லா? நேத்து 'எத்தனை மணிக்கு'ன்னு கேட்டதுக்கே இந்தப் பக்கம் விழுந்துச்சு." கன்னத்தைத் திருப்பிக் காட்டினார். "மூணரை அடி நீளம். சக்கரவர்த்தி பொறந்தநாளுக்குள்ள முடியணும். தைப்பிங்ல இருந்து கர்னல் வாராரு."

கேட்காமலே சன்னாசிக்கு விளங்கிவிட்டது. அவர் மனைவி முத்தம்மாவின் தம்பி பத்துமலை, கோழிக்கூட்டுக்குள் அரை மூட்டை அரிசியை ஒளித்துவைத்துப் பிடிபட்டு, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் நாலு நாளாக அடைந்து கிடந்தான். பிறந்தநாளன்று திடலில், எல்லார் முன்னிலையிலும் அவனுக்கு அடி என்று கேப்டன் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"செய்ங்க, நல்லாச் செய்ங்க," என்றாள் முத்தம்மா, அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் போட்டபடி. "என் தம்பி கல்யாணத்துக்கு ஒரு கட்டிலு கேட்டேன், நேரமில்லன்னீங்க. அவன் முதுகுக்கு வாள் செதுக்க மட்டும் நேரம் இருக்கு."

"பேசாம இருடி. என்ன மரத்துல செய்யப் போறேன்னு உனக்குத் தெரியுமா?"

செங்கால் மரத்தில் அடித்தால் ஆணியே வளைந்து மன்னிப்புக் கேட்கும். சன்னாசி அதைத் தொடவில்லை. பட்டறை மூலையில் கிடந்த ஜெலுத்தோங் கட்டையை எடுத்தார். சீனர்கள் கட்டைச் செருப்புச் செய்யும் மரம் அது. நகத்தால் கீறினால் பள்ளம் விழும். அதைச் செங்கால் என்று ஊரை நம்பவைப்பதற்கு ஆறு நாள் ஆயிற்று.

மங்குஸ்தான் தோலையும் காசுக்கட்டியையும் கொதிக்கவைத்து ஏழு பூச்சு பூசினார். காய்ந்ததும் முள்ளம்பன்றி முள்ளால் செங்காலின் ரேகைகளை ஒவ்வொன்றாகக் கீறி, கரித்தூளைத் தேய்த்து நிரப்பினார். எடை போதவில்லை. பிடிக்குள் துளையிட்டு ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினார். ஈயச் சுரங்கங்கள் நிறைந்த ஈப்போ பக்கத்தில் பஞ்சம் அரிசிக்குத்தான், ஈயத்துக்கு இல்லை. ரேகை பிசகாத ஆப்பு ஒன்றால் துளையை அடைத்து, தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தார். பட்டறையில் கிடந்த செங்கால் கட்டைகளே அந்த வாளை உறவுக்காரன் என்று நினைத்து நகர்ந்து இடம்விட்டன.

பிறந்தநாளுக்கு முந்தின நாள் கேப்டன் சதாசிவத்தோடு நேரில் வந்தார். வாளைத் தூக்கிப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டினார். அவர் முகம் விளக்கெண்ணெய் குடித்தது போல் ஆயிற்று.

"கெட்டி மரம்தானான்னு கேக்குறாரு அண்ணே."

"இதைவிடக் கெட்டி மரத்தை நான் தொட்டதே இல்லன்னு சொல்லுங்க."

சதாசிவம் சொன்னார். கேப்டன் பெருமூச்சு விட்டு, வாளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தளர்ந்த நடையில் போனார்.

"ஏன் ஒரு மாதிரி போறாரு?"

"பொண்டாட்டி ஞாபகமா இருக்கும். நமக்கென்ன லா?"

சன்னாசி நேரே கொட்டகைக்குப் போய், பலகை இடுக்கில் வாயை வைத்தார். "மச்சான், நாளைக்கு வலிக்காது. ஆனா ஊரே கேக்குற மாதிரி கத்தணும், சரியா?"

மறுநாள் காலையில் தோட்டமே திடலில் நின்றது. பத்துமலையைக் கையைக் கட்டிக் கொண்டுவந்து கொடிக்கம்பத்தடியில் நிறுத்தினார்கள். பீப்பாய் போன்ற உடம்போடு கர்னல் காரைவிட்டு இறங்கினார். கேப்டன் குனிந்து, இரண்டு கையாலும் வாளை நீட்டினார். கர்னல் வாளை ஓங்கியதும் சன்னாசி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

தொப். தொப். தொப்.

தலையணையைத் தட்டுகிற சத்தம். சன்னாசிக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் ஒரு கூச்சலையும் காணோம்.

"கத்துடா பாவி," என்று பல்லைக் கடித்தார். "சந்தேகம் வந்துடும், கத்து."

முப்பது அடி ஆன பிறகும் கூச்சல் இல்லை. கண்ணைத் திறந்தார். பத்துமலை கொடிக்கம்பத்தடியில் வாயைப் பிளந்தபடி நின்றிருந்தான். கர்னலின் எதிரே, தரையிலிருந்து எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தவர் கேப்டன். விலா எலும்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார், முகமெல்லாம் பல்.

கர்னலின் டிரைவரோடு பேசிவிட்டுச் சதாசிவம் மூச்சிரைக்க வந்தார். "அண்ணே, வருஷா வருஷம் இந்த நாள்ல கர்னலுக்கு ஒரு ஆபீசரோட வாள் விளையாட்டாம். ஆபீசர் திருப்பி அடிக்கக் கூடாதாம். கெட்டி மரத்துல வாள் கேட்டதும் கர்னல்தானாம். போன வருஷம் ஆடுனவரு இன்னும் ஆஸ்பத்திரியில கிடக்குறாராம்."

அதற்குள் கேப்டன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, சிரித்துக்கொண்டே நாலாகக் கிழித்துப் போட்டு, உரக்க ஏதோ சொன்னார். சதாசிவத்தின் முகம் வெளுத்தது.

"என்ன சொல்றாரு கிராணியாரே?"

"இன்னிக்குப் பிழைக்க மாட்டோம்னு பயந்து, போற வழிக்குப் புண்ணியமா, பத்துமலைய விட்டுடச் சொல்லி ராத்திரியே எழுதி வெச்சிருந்தாராம். இப்ப உடம்புக்குத்தான் ஒண்ணும் ஆகலியே... மூங்கிலை எடுத்துட்டு அவரே வாராரு அண்ணே."