பச்சைத் தூள்

போன் தரையில் கிடந்து அதிர்ந்தது.

அவன் ஜன்னலடியில் மண்டியிட்டு, சட்டத்தின் இடுக்கை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். எட்டித் திரையைப் பார்த்தான்.

மதுரைப் பரிசோதனைக்கூடத்திலிருந்து மின்னஞ்சல். மூன்றாவது அறிக்கை.

திறக்கவில்லை.

துணியை வாளியில் அலசினான். பிழிந்தான். மறுபடியும் அலசினான். எண் ஏற்கெனவே அந்த அறிக்கைக்குள் உட்கார்ந்திருக்கிறது, இனிமேல் துடைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் கை நிற்கவில்லை.

பத்துக்குக் கீழே இருந்தால் ஜெனிட்டாவும் பிள்ளையும் வரலாம்.

மேலே இருந்தால் நாலாவது முறையாக ஒரு சாக்கு சொல்லவேண்டும். அவனிடம் சாக்குகள் தீர்ந்துபோயிருந்தன.

எல்லாம் ஆர்வக்கோளாறுதான்.

தலைப்பிரசவத்துக்கு நாசரேத்தில் அப்பா வீட்டுக்குப் போன மனைவி, ஐந்தாம் மாதம் பிள்ளையோடு பாளையங்கோட்டைக்குத் திரும்புவதாக ஏற்பாடு. தொட்டில் கட்டப்போகும் அறைக்கு அதற்குள் தன் கையாலேயே புது பெயிண்ட் அடித்துவிட ஆசைப்பட்டான். அறுபது வருடத்து வீடு. ஜன்னல் கதவுகளில் பச்சைக்கு மேல் பச்சையாக ஏழெட்டுப் பூச்சு. உப்புத்தாளை எடுத்து, தண்ணீர் தொடாமல் இரண்டு நாள் தேய்த்தான். தலைமுடி, மூக்கு, பாய், தலையணை, எங்கு பார்த்தாலும் பச்சைத் தூள்.

பாட்டு வேறு பாடிக்கொண்டு தேய்த்தான்.

மூன்றாம் நாள் புது டப்பாவைத் திறக்கும்போது அதன்மேல் எழுதியிருந்ததைப் படித்தான். ஈயம் சேர்க்கப்படவில்லை.

அப்படியென்றால் முன்பெல்லாம் சேர்த்தார்களா?

விசாரித்தான். சேர்த்தார்கள், அது விஷம் என்றும் தெரிந்தது. அந்தத் தூளிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பரிசோதனைக்கூடத்துப் பெண் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியோடு வந்து ஜன்னலில் வைத்துப் பார்த்தாள். பழைய பூச்சு முழுக்க ஈயம். பிறகு தரையில் ஒரு சதுரம் அளந்து, ஈரத்தாளால் ஒற்றியெடுத்துக் குப்பியில் போட்டுக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"உரியாம ஒட்டிக்கிட்டு இருந்தவரைக்கும் பெரிய ஆபத்து இல்ல சார். நீங்க தூளாக்கிட்டீங்க. தவழுற பிள்ளை தரையத் தொட்டு வாயில வைக்கும். மூளை வளர்ற வயசு."

முதல் அறிக்கை, நூற்று நாற்பது. ஒரு சதுர அடித் தரையில் அத்தனை மைக்ரோகிராம் ஈயம்; பத்தைத் தொடக்கூடாது.

அவன் ரத்தத்தையும் பார்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அதை அவன் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

ஜன்னல் கதவுகளைக் கழற்றிவிட்டார்கள். பாயும் தலையணையும் மூட்டையாகக் கட்டி வெளியேறின. சட்டத்தில் மிச்சமிருந்ததை நனைத்து, புதுப் பூச்சால் மூடினார்கள். துடைப்பத்தைத் தொடக்கூடாது, தூள் பறக்கும் என்று அவள் சொல்லியிருந்தாள். சோப்புத் தண்ணீர்தான். ஒரு முறை தரையைத் துடைத்த துணி, அலசாமல் மறுபடி தரையைத் தொடக்கூடாது.

இரண்டாவது அறிக்கை, முப்பத்தொன்று.

நாசரேத்தில் இது எதுவும் தெரியாது. முதல் முறை பெயிண்ட் வாடை என்றான். இரண்டாவது முறை தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது என்றான். மூன்றாவது முறை மாமனார் தேவசகாயமே பேசினார். போனில் தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசுகிறவர், அன்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பொம்பளப் பிள்ளையாப் போச்சேன்னு மனசுல எதுவும் இருக்கா மாப்ள?"

போனை மறு காதுக்கு மாற்றினான்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பிள்ளை தவழவேண்டிய தரையில் நானே விஷத்தைத் தூவி வைத்திருக்கிறேன் மாமா என்று எந்த வாயால் சொல்வது? "அய்யோ இல்ல மாமா, இன்னும் கொஞ்சம் வேலை கெடக்கு" என்று மென்று விழுங்கினான்.

அதன்பிறகு ஜெனிட்டாவிடமிருந்து படங்கள் வரவில்லை. பிள்ளை குப்புற விழுந்துவிட்டாள் என்பதைக்கூட மைத்துனியின் ஸ்டேட்டஸில்தான் பார்த்தான்.

பதினோரு முறை பார்த்தான்.

துணியை வாளியின் விளிம்பில் போட்டான். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அறிக்கையைத் திறந்தான்.

ஜன்னலடித் தரை, நான்கு.

விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். பக்கத்தில் எங்காவது ஒரு சைபர் ஒளிந்திருக்கிறதா என்று தேடினான். இல்லை. நான்குதான்.

அழுதான். வெட்கமில்லாமல், வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். இத்தனை நாள் எங்கே இருந்ததோ, அவ்வளவும் வந்தது. அவ்வளவு நிம்மதியாக அவன் அழுததே இல்லை.

நாசரேத்துக்குப் போன் போட்டான். மாமனார்தான் எடுத்தார்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். உப்புத்தாள், பச்சைத் தூள், நூற்று நாற்பது, முப்பத்தொன்று, நான்கு. வாடை பொய், குழாய் பொய். பிள்ளை மேல் வருத்தமா, எனக்கா மாமா?

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா மாப்ள."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம் போனைக்கூட விலக்காமல் வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார். அவருடைய பழைய சத்தம், காது வலித்தது.

"ஏட்டி ஜெனிட்டா, பெட்டியக் கட்டு."

கொஞ்சம் தள்ளியிருந்து அவள் குரல் வந்தது.

"அன்னைக்குக் கட்டுனத நான் இன்னும் பிரிக்கவே இல்லப்பா."