தையல் பிரிந்த பாவாடை

பதுளையில் கார்மண்ட் தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் போர்டிங்கில் எல்லாரும் ஒரே போனைச் சுற்றிக் குனிந்திருந்தோம். பெண்கள் உள்ளரங்க டென்னிஸ் இறுதிப் போட்டி. ஆடுகிறவள் கட்டியிருந்தது எங்கள் தையல் லைனில் தைத்த பாவாடை.

கடைசி செட். அவள் ஓடும்போது பாவாடைப் பையின் தையல் பிரிந்து, அடுத்த சர்வுக்கு உள்ளே வைத்திருந்த பந்து இரண்டாவது தடவையாக விழுந்தது. முதல் தடவை விட்டுக்கொடுத்த நடுவர், இந்தத் தடவை ஆட்டத்துக்கு இடையூறென்று புள்ளியை எதிராளிக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் புள்ளியிலேயே தோற்றுப்போனாள்.

"பசறையிலருந்து வந்த அமுதவல்லி தச்சதாத்தான் இருக்கும்," என்றாள் தயானி. "தையல் சரியில்லன்னுதானே சூப்பர்வைசர் அக்கா, அவள வேலைய விட்டு நிப்பாட்டுனீங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமா," என்றேன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவளை நிறுத்தச் சொல்லி நான் எழுதிய கடிதம் எனக்கு இன்னும் மனப்பாடம்: 'ஒவ்வொரு பைக்கும் இரட்டைத் தையல் போட்டு நேரத்தை வீணாக்குகிறார்.'