காதுக்குள்ளே ஓர் ஊசி

“ஒரே ஒரு ஊசி! குழந்தைக்குக் காது கேக்கும்னு டாக்டரே அடிச்சுச் சொல்றார்...”

“நேத்து வந்த மருந்து. ஒரு பேப்பர் அதிசயம்ங்கறது, இன்னொரு பேப்பர் ஆபத்துங்கறது. நம்ம பொண்ணுதான் சோதனை எலியா?”

“என்னைப் பேச விடுங்களேன்!”

“நீ மட்டும் விடறியா?”

நாளைக்குள் ஆஸ்பத்திரிக்கு முடிவைச் சொல்லியாக வேண்டும். கணவனுக்கு மூச்சு வாங்கியது.

“அவளுக்கு இப்ப என்ன குறைச்சல்? பேச ஆரம்பிச்சா நிறுத்தறாளா?”

“அதுக்காக மழைச் சத்தம்கூடக் கேக்க வேண்டாமா அவ?”

அவன் பதில் சொல்வதற்குள் மனைவி கண்களை இறுக மூடிக்கொண்டாள். அந்த வீட்டில் சண்டையை முடிக்க அதுதான் வழி. பிறவியிலேயே காது கேளாத இருவர்; கண்ணை மூடிவிட்டால் எதிராளியின் கைகள் எவ்வளவு கத்தினாலும் தெரியாது.

கட்டிலில் இருந்த மகள் பார்த்துவிடக் கூடாதென்று இருவரும் அவளுக்கு முதுகு காட்டித்தான் சண்டை போட்டார்கள். எதிரே இருந்த பீரோக் கண்ணாடியை மறந்துவிட்டார்கள்.

கண்ணாடியில் சின்ன விரல்கள் அசைந்தன. கணவன் அவசரமாக மனைவியின் தோளைத் தட்டி, கண்ணைத் திறக்க வைத்தான்.

மகள் மறுபடி கேட்டாள்:

“எனக்குக் காது கேட்டுட்டா, அப்புறம் நீங்க பேசறது எனக்குப் புரியாதாம்மா?”