விடுபட்ட எட்டு வசனம்

"இருபது வேத வசனம் எழுதித் தந்தனான். பன்னிரண்டுதான் கிடக்கு. மிச்சம் எட்டும் எங்க, காக்கா?"

செல்லத்தங்கம் டீச்சர் அட்டைக் கட்டை மேசையில் போட்ட போட்டில், கலியாணக் கார்டு அடிக்க வந்திருந்த இரண்டு பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

ஊரெல்லாம் 'காக்கா' என்று அண்ணன் முறை வைத்து அழைக்கும் அச்சக முதலாளி அபுல் ஹஸன் மை படிந்த கையைத் துணியில் துடைத்தார்.

"அச்செழுத்து காணாது டீச்சர். சூறாவளியில கூரை பறந்து, எழுத்துப் பெட்டியெல்லாம் கவுண்டு கிடந்த. இருக்கிற எழுத்த வெச்சு ஏலுமானத அடிச்சன்."

"அதுக்கு? 'பயப்படாதே' எண்ட ஒரு வசனத்தையே அறுபது அட்டையில அடிக்கிறதா?"

"அட்டை எல்லாருக்கும் காணணுமே டீச்சர்."

விடிந்தால் எழுபத்தொன்பதாம் வருசம் பிறக்கிறது. வருசப்பிறப்பு ஆராதனை முடிந்ததும், தட்டில் கவிழ்த்து வைத்த வசன அட்டைகளில் ஆளுக்கொன்றை எடுப்பது டீச்சரின் சபை வழக்கம். கைக்கு வருவதுதான் அந்த வருசத்துக்குக் கடவுள் சொல்லும் வார்த்தை. வசனங்களைத் தெரிந்தெடுப்பது பதினைந்து வருசமாக டீச்சர்தான். போதகர்கூட அதில் தலையிடுவதில்லை. தலையிட்டுப் பார்த்த ஒருவர் மாற்றலாகிப் போனதாகக் கதை.

இந்த எட்டும் லேசில் கிடைத்தவையும் அல்ல. சூறாவளிக்குப் பிறகு சபைக்கு இவைதான் வேண்டும் என்று நாலு நாள் வேதாகமத்தைப் புரட்டி எடுத்தவை.

அதுவும் நாளைக்கு அருள்நேசம் வருகிறாள்.

சூறாவளியன்று சுவர் விழுந்து அவளுடைய நாலு வயது மகள் போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் ஆலயத்துப் பக்கமே வரவில்லை. டீச்சர்தான் மூன்று தரம் வீடு தேடிப் போனார்.

"என்ட பாவத்துக்குத்தான் ஆண்டவர் புள்ளைய எடுத்தாரா, டீச்சர்?" மூன்று தரமும் இதே கேள்வி.

"வந்து அட்டைய எடுத்துப் பார் மகள். அவரே சொல்லுவார்."

அப்படிச் சொல்லி அழைத்துவிட்டு, அரைகுறைத் தட்டை அவள் முன்னால் நீட்டுவதா? டீச்சர் அபுல் ஹஸன் பக்கம் திரும்பினார்.

"உங்கட பள்ளிவாசல் வேலையெண்டா இப்படிக் குறைச்சு அடிப்பீங்களா? எங்கட வேதம்தானே எண்ட இளக்காரம்!"

கார்டு அடிக்க வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அபுல் ஹஸனின் முகம் கறுத்துப் போனது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"என்ட பிழைதான் டீச்சர். மாப்புச் செய்ங்க."

மறுநாள் காலை ஆராதனை முடிந்தது. தட்டு அருள்நேசத்திடம் வந்தது. கையை நீட்டினாள், பின்னுக்கு இழுத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள்.

வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள்.

"பயப்படாதே எண்டு கிடக்கு, டீச்சர்!" குரல் உடைந்தது. "என்னோட அவருக்குக் கோபமில்ல, டீச்சர்!"

நாற்பது நாளாகக் கல்லாய் இருந்தவள் டீச்சரின் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். சுற்றி நின்ற பெண்களும் சேர்ந்து அழுதார்கள். அழுது முடித்துவிட்டு, யாரோ நீட்டிய தேத்தண்ணியை வாங்கி முழுதையும் குடித்தாள்.

பின்வரிசை வாங்கில் குணம் மாஸ்டர் வீட்டில் ஐந்து பேருக்கும் அதே வசனம்.

"எங்கட கூரைக்கு இன்னும் தறப்பாள் சீலைதான் எண்டு ஆண்டவருக்கு வடிவாத் தெரியும்போல. ஆளுக்கொரு தரம் சொல்லியிருக்கார்!" என்றார் மாஸ்டர்.

ஆலயமே சிரித்தது. அந்த வருசம் பிறந்த மாதிரி எந்த வருசமும் பிறந்ததில்லை என்று டீச்சருக்குத் தோன்றியது. வருகிற போகிற எல்லோரும், "நல்ல வசனம் தெரிஞ்செடுத்தீங்க, டீச்சர்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். டீச்சரும் மறுக்கவில்லை.

மறுக்காதது பின்னேரம்வரை உறுத்தியது. கேக் துண்டு நாலைப் பொதி செய்துகொண்டு அச்சகத்துக்குப் போனார்.

"நேற்று கொஞ்சம் கூடக் கதைச்சுப் போட்டன், காக்கா. மனசில வெக்காதீங்க. எழுத்தில்லாட்டி நீங்கதான் என்ன செய்யிற?"

"அதெல்லாம் நான் அப்பவே மறந்திட்டன். இருங்க டீச்சர்." அபுல் ஹஸன் சிரித்தபடி கதிரையை இழுத்துப் போட்டார்.

உட்காரப் போன டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். சுவர்க் கம்பியில் ஒரு புரூஃப் தாள் தொங்கியது. விடுபட்ட எட்டு வசனமும் ஓர் எழுத்துக் குறையாமல் அதில் இருந்தன. துன்மார்க்கர் மேல் கடவுள் அனுப்பும் பெருங்காற்று. பெற்றவர்கள் செய்த பாவத்துக்குப் பிள்ளைகள் மேல் விழும் தண்டனை. பென்சிலால் பிழைகூடத் திருத்தியிருந்தது.

"எல்லா எழுத்தும் இருந்திருக்கே! அப்ப ஏன் காக்கா அடிக்கல்ல?"

அபுல் ஹஸன் தாளைக் கம்பியிலிருந்து கழற்றி நாலாக மடித்தார்.

"பாக்காமத்தானே அட்டைய எடுக்கிற, டீச்சர்? எது ஆருக்குப் போகுமெண்டு தெரியாதே."

"அதுக்கு?"

"சூறாவளியண்டைக்கு அந்தச் சுவர விலத்தி, அருள்நேசத்திட புள்ளைய எடுத்து அவட மடியில வெச்சது இந்தக் கைதான், டீச்சர். இதே கையால நான் எப்படி அவக்கு இத அடிச்சுக் குடுக்கிற?"