மூடியில்லாத பெட்டி

மேசைமேல் பெரியவருடைய பழைய மடிக்கணினி மாவு மெஷின் மாதிரி இரைந்துகொண்டு கண்விழிக்கப் பார்க்கிறது. பெயருக்குத்தான் மடிக்கணினி, மடியில் வைத்தால் தொடை வெந்துவிடும். பக்கத்தில் மகன் வாங்கித் தந்த டேப்லெட், தட்டு மாதிரி மெலிசாகக் கிடக்கிறது. வெளியூரில் பிள்ளை பெற்றிருக்கும் மகள், பேத்தியைக் காட்ட இப்போது அழைப்பாள். "மூடிகூட இல்லாததை எப்படிடி நம்புறது?" என்கிறார் அவர். "உங்க பெட்டி கண்ணைத் திறக்கறதுக்குள்ள பேத்தி நடக்க ஆரம்பிச்சிருவா" என்கிறாள் மனைவி. டேப்லெட் மணியடிக்கிறது. நிமிர்த்தி வைத்தால் வழுக்கிப் படுத்துக்கொள்கிறது. அவர் முனகிக்கொண்டே அதைத் தூக்கி, பழையதன் விரித்த மூடியில் சாய்த்து வைக்கிறார். அசையாமல் நிற்கிறது. மனைவி அழைப்பை எடுக்க, ஜன்னல் வெயில் விழுந்த திரைக்குள் பேத்தி வாய்கொள்ளாமல் கொட்டாவி விடுகிறாள். பின்னால் பழையது இரைகிறது. "ரெண்டும் வேணும்னு அப்பவே சொன்னேன்ல?" என்கிறார், ஒருநாளும் அப்படிச் சொல்லாதவர்.