எட்டாவது வரி

"நாய்க்கு அடங்கின மனுஷனை இப்பத்தான் பாக்கறேன்!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் பக்கத்து வீட்டு அக்கா.

அவள் சிரித்ததில் தப்பே இல்லை. அந்த மனுஷருக்கு அச்சு பிரஸ்ஸில் ஃபோர்மேன் வேலை. ஓடுகிற மெஷினுக்கு மேலே கத்திக் கத்தி, அதே தொண்டையோடுதான் வீட்டுக்கும் வருவார். பேனா மூடியைக் காணோம் என்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். "கொஞ்சம் மெதுவாத்தான் பேசுங்களேன்" என்று மனைவி பன்னிரண்டு வருஷமாகக் கெஞ்சிப் பார்த்துவிட்டாள். மகள் அழுது பார்த்துவிட்டாள். ஊஹூம்!

அப்பேர்ப்பட்டவர், கையளவு நாய்க்குட்டி ஒன்று வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அடிமேல் அடி வைத்து நடக்கிறார். கிசுகிசுவென்று பேசுகிறார். பெண்டாட்டி பிள்ளைக்குக் கிடைக்காத மரியாதை நாய்க்குக் கிடைக்கிறதே என்று மனைவிக்கு உள்ளூர எரிச்சல்தான்.

எல்லாம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாள் செய்த வேலை. குட்டியைக் கொண்டுவருவதற்கு முன்னால், வீட்டை எப்படித் தயார் செய்ய வேண்டும் என்று நாய் டாக்டர் கொடுத்த அச்சடித்த குறிப்புகள். ஒயர்களைத் தூக்கிக் கட்டவும். செருப்புகளை உயரத்தில் வைக்கவும். சாக்லேட் கொடுக்கக் கூடாது. இப்படி எட்டு. ஃபோர்மேன் முட்டி போட்டு வீடு முழுக்கத் தவழ்ந்து, ஒன்று விடாமல் செய்து முடித்தார்.

எட்டாவது குறிப்பு இது: 'குட்டிக்கு ஆறு மாதம் ஆகும் வரை வீட்டில் யாரும் சத்தம் போடக் கூடாது. பயத்தில் அதற்குக் காய்ச்சல் வந்துவிடும்.'

அந்த வரியை டாக்டர் எழுதவில்லை. நாலாம் வகுப்புப் படிக்கிற மகள் எழுதினாள்.

டாக்டர் கொடுத்தது ஏழுதான். தாளின் அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. அம்மா பக்கத்துக் கடையில் குட்டிக்குத் தட்டு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஜெராக்ஸ் கடைக்காரரைக் கெஞ்சி, அதே தாளில் எட்டாவதையும் அடித்து வாங்கிவிட்டாள். வழியில் விஷயத்தைக் கேட்ட அம்மாவுக்குத் திட்டவும் வாய் வரவில்லை.

"அப்பாகிட்ட உளறிடாதே" என்று மட்டும் சொன்னாள்.

மூன்று வாரம் நன்றாகத்தான் போயிற்று. நேற்று சாயங்காலம் பிரஸ்ஸிலிருந்து ஒரு போன். தப்பான தாளில் ஐயாயிரம் பிரதி ஓட்டிவிட்டார்களாம்.

"அறிவிருக்காடா உங்களுக்கு!"

அடக்கி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. குட்டி கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்தது. போனை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். குட்டியை மார்போடு இறுக்கிக்கொண்டு மகளும் அங்கேதான் ஒடுங்கிக் கிடந்தாள்.

அதற்கப்புறம் அவர் சாப்பிடவில்லை.

இன்று காலை எழுந்ததும், "லீவு சொல்லிட்டேன். குட்டிக்கு ஊசி போட நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? நான் போறேனே."

"அந்தத் தாளையும் எடு."

"தாள் எதுக்கு? டாக்டருக்குத் தெரியாததா?"

"எட்டாவதுல ஒரு விஷயம் இருக்கு."

பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டிருந்த மகளின் கை அப்படியே நின்றது. அவர் தாளோடு படியிறங்கிப் போனதும் அழ ஆரம்பித்துவிட்டாள். "'அதை நான் எழுதலை'ன்னு டாக்டர் சொல்லிடுவாரேம்மா! அப்பா குட்டியைத் திருப்பிக் கொடுத்துடுவாரா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. நீ ஸ்கூலுக்குப் போ."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் அதே பயம்தான். கிளினிக் பத்து நிமிஷ நடை. மணி பன்னிரண்டாயிற்று. போன் எடுக்கவில்லை. கிளினிக்கைக் கூப்பிட்டால், "அவர் அப்பவே கிளம்பிட்டாரேம்மா" என்றார்கள். குட்டியை எங்கே கொண்டு போய் விட்டாரோ?

நாலு மணிக்கு மகள் வந்து, காலியாக இருந்த குட்டியின் பெட்டியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நாலரைக்கு அவர் வந்தார். ஒரு கையில் குட்டி, இன்னொரு கையில் ஒரு கவர்.

"நான்தாங்க எழுதினேன்! பாப்பாவை ஒண்ணும் சொல்லாதீங்க!" என்று மனைவி முந்திக்கொண்டாள்.

அவர் குட்டியை மகளிடம் கொடுத்தார். கவரிலிருந்து புதுத் தாள் ஒன்றை எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டினார்.

"டாக்டர் வேற தாள் கொடுத்தாரா?"

"அவர் ஊசிதான் போட்டார். நான் அவர்கிட்ட ஒண்ணும் கேக்கல. பிரஸ்ஸுக்குப் போய் நானே அடிச்சுக்கிட்டு வந்தேன்."

எட்டு வரிகளும் இருந்தன. எட்டாவது மட்டும் சின்னதாகியிருந்தது: 'இந்த வீட்டில் யாரும் சத்தம் போடக் கூடாது.'

"ஆறு மாசம்னு போட்டிருந்தேனே..." வாய் தவறிச் சொல்லிவிட்டு, மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அது தப்பு பாப்பா. எடுத்துட்டேன்."

மனைவி மெல்லக் கேட்டாள்: "உங்களுக்கு நேத்துதான் தெரிஞ்சுதா?"

"ஒட்டின அன்னிக்கே தெரியும். கடைசி வரி மட்டும் வேற அச்சு எழுத்து. எனக்குத் தெரியாம போகுமா?" என்றார். "என்கிட்ட இதைக் கேக்கறதுக்குப் பாப்பாவுக்கு டாக்டர் பேர் தேவைப்பட்டிருக்கேன்னு நினைச்சேன். அதான் வாயைத் திறக்கல."